இரண்டாம் நோயைத் தமிழில் சொல்லுங்கள்!

தமிழ்நாட்டில் தமிழ்க் குழந்தைக்கு வரும் நோய் தமிழில் வந்து ஆங்கிலத்தில் தங்கிவிடுகிறது. வீட்டு வாயிலில் நுழையும்போது அது காய்ச்சல், கட்டி, காமாலை, அக்கி என்று தமிழ்ப் பெயரோடுதான் நுழைகிறது. மருத்துவமனைப் படியேறி இறங்குவதற்குள் பெயர் மாறிப் போகிறது. தாளில் ஏறிய பிறகு பெற்றவளுக்கும் வளர்த்தவளுக்கும் அது அயலாகிவிடுகிறது. தன் பிள்ளையின் உடம்பில் குடியிருக்கும் பகையின் பெயரைத் தான் அறியாமலே அதனோடு போராட வேண்டிய இழிநிலை, தமிழகத்துத் தாய்க்கு இன்றும் நீங்கவில்லை.

இது வெறும் மொழிப்பற்றுப் பேச்சு என்று எள்ளி நகையாடுவோர் உளர். அவர்கள்பொருட்டே ஒரு பிள்ளையின் செய்தியை இங்கு எழுதுகின்றேன்.

நெய்வேலி நகரியத்தை ஒட்டிய எங்கள் படிப்பகத்திற்குச் சென்ற ஆண்டு ஒரு மூதாட்டி வந்தார். சுரங்கத்திற்காக நிலம் எடுக்கப்பட்டுப் பெயர்க்கப்பட்ட குடும்பத்தவர். மகன் ஒப்பந்தக் கூலியாக உழைத்து மறைந்தான். மருமகளும் அவன்பின்னே சென்றாள். எஞ்சியது ஒன்பது அகவைப் பேரன். ஊரும் பெயரும் எழுதமாட்டேன். சட்டமும் தடுக்கிறது, நெஞ்சும் தடுக்கிறது. மஞ்சள் துணிப்பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து நீட்டி, “தம்பி, நீ படிச்ச புள்ள. இதுல என் பேரனுக்கு என்னா எழுதியிருக்குன்னு பாரு. அவன் கண்ணு மஞ்சளா இருக்கு” என்றார்.

கோப்பைத் திறந்தேன். முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை ஒரு தமிழெழுத்து இல்லை. பையனுக்குப் பிறவி முதலே எச்.ஐ.வி. என்பது முதல் தாளிலேயே இருந்தது. அது ஆயாவுக்கும் தெரியும். தெரியாதது எட்டுத் திங்களுக்கு முன்னர் எடுத்த குருதியாய்வுத் தாளில் இருந்தது. ஐந்து ஆங்கில எழுத்துகள். அவற்றின் பக்கத்தில் ‘இரியாக்டிவ்’ என்று ஒரு முத்திரை. அவ்வளவே. கல்லீரலைத் தாக்கும் ‘பி’ வகை நச்சுயிரியும் அப்பிள்ளையின் குருதியில் உளது என்பதே அம்முத்திரையின் பொருள். ஒரு நோயென்று எண்ணி வளர்த்த பேரனுக்கு நோய் இரண்டு! அந்த இரண்டாம் நோய் எட்டுத் திங்களாக அவர் வீட்டுப் பரண்மேல் ஆங்கிலத்தில் கிடந்திருக்கிறது.

“ஆசுபத்திரியில் சொல்லவில்லையா, ஆயா?” என்றேன். “என்னமோ சொன்னாங்க தம்பி. கூட்டம். ஈரல்னு காதுல விழுந்துச்சு. மாத்திரைய விடாதன்னாங்க. அவன் அத முழுங்குனா வாந்தியா எடுத்தான். சூடு ஒத்துக்கலன்னு ஒன்றர மாசமா நிறுத்திட்டேன். அப்பறம் கண்ணு மஞ்சளாச்சு. அதான் கீழாநெல்லி அரைச்சுக் குடுக்குறேன்.”

இப்பொழுது, அந்த ஒன்றரைத் திங்களில் அப்பிள்ளையின் உடம்பினுள் என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவம் நமக்கெதற்கு என்று இப்பகுதியைத் தாண்டிச் செல்லும் உணர்வாளர், இவ்விதழைப் படித்தும் பயனில்லை.

எச்.ஐ.வி. என்பது உடம்பின் காவற்படையாகிய வெள்ளணுக்களையே தாக்கும் நச்சுயிரி. காவல் குலைந்த கோட்டைக்குள் ஏனைய பகைகள் எளிதில் நுழையும்; நுழைந்தவை எளிதில் வெளியேறா. கல்லீரல் அழற்சி ‘பி’ அவற்றுள் கொடியது. முதிர்ந்த ஒருவரை அது தொற்றினால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கும் மேலாகத் தாமே வென்று மீள்வர். பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து தொற்றினாலோ கணக்கு தலைகீழ்: பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது நிலைத்துத் தங்கிவிடும். எச்.ஐ.வி.யும் உடன் இருப்பின் ஈரல் சுருக்கமும் ஈரற் புற்றும் இன்னும் விரைந்து வரும். தடுப்பூசி போட்டோமே என்றால், எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்கு அவ்வூசி சரியாகப் பற்றுவதில்லை. பற்றினாலும் அதன் காப்பு விரைவில் தேய்கிறது. குருதியை ஆய்ந்து, தேவைப்படின் மீண்டும் போட வேண்டும்.

இனி மருந்துக்கு வருவோம். எச்.ஐ.வி. உள்ள சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தரப்படுவது அபாகாவிர், இலாமிவுடின், தொலுதெகிராவிர் என்னும் மூன்றன் கூட்டு. இவற்றுள் இலாமிவுடின் இரு முகக் கத்தி. எச்.ஐ.வி.யையும் அடக்கும், கல்லீரல் ‘பி’ நச்சுயிரியையும் அடக்கும். மற்றை இரண்டும் ‘பி’யைத் தொடா. ஆகவே முதல் நோய்க்கு மூன்று மருந்து உண்ணும் பிள்ளை, இரண்டாம் நோய்க்கு ஒரே மருந்தில் நிற்கிறது. ஒற்றை மருந்தை அந்நச்சுயிரி நாளடைவில் பழகி வெல்லும். இரு நோயும் உள்ள முதிர்ந்தோரில் நான்காண்டுகளில் பத்தில் ஒன்பது பேரிடம் வென்றது என்பது ஆய்வுக் கணக்கு. அதனால்தான் தெனோபோவிர் என்னும் மருந்தையும் சேர்க்கலாமா, பிள்ளையின் அகவையும் எடையும் எலும்பும் சிறுநீரகமும் அதைத் தாங்குமா என்று மருத்துவர் எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வளவும் அந்த ஐந்தெழுத்தைக் கண்டு ஒருவர் வாய்திறந்து கேட்டால்தான் நடக்கும்.

மருந்தைத் திடுமென நிறுத்தினால் என்னாகும்? நெய்வேலித் தோழர்களுக்கு இதை விளக்க நூல் வேண்டா. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பேரழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் குழாய்க் கிணறுகள் இட்டு இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருப்பதால்தான் சுரங்கத்தின் தரை நிற்கிறது. இறைப்பு நின்றால் அடிநீர் தரையைப் பொத்துக்கொண்டு எழும். தரை காய்ந்திருக்கிறதே, இனி எதற்கு இறைப்பு என்று எந்தப் பொறியாளனாவது எக்கியை நிறுத்துவானா? அப்பிள்ளையின் ஈரலுக்குள் இலாமிவுடின் செய்தது அந்த எக்கியின் வேலை. ஆயா எக்கியை நிறுத்தினார். அடியிலிருந்தது எழுந்தது. கண் மஞ்சளாயிற்று. மஞ்சளைக் கண்டு, மாத்திரையின் சூடுதான் ஈரலைச் சுட்டது என்று அவர் கருதினார். ஆகையால் மாத்திரையை இன்னும் உறுதியாக நிறுத்தினார். அவர் அறியாமையுள்ளவர் அல்லர். தம் கையிலிருந்த அறிவைக் கொண்டு மிகச் சரியாகவே எண்ணினார். ஓர் உண்மையை அவரிடமிருந்து ஆங்கிலம் மறைத்து வைத்திருந்தது. அதனால் சரியான எண்ணம் தவறான முடிவில் விழுந்தது.

மறுநாளே பேருந்தேறிக் கூட்டிச் சென்றோம். அங்கிருந்த மருத்துவர் தமிழர். நல்ல தமிழர்! கேட்டவுடன் கால்மணி நேரம் அமர்ந்து, ஈரலை வரைந்து காட்டி, “ரெண்டு பூச்சி இருக்குதும்மா, ஒரு மருந்துதான் ரெண்டையும் கட்டி வெச்சிருக்கு, கட்ட அவுத்து விட்டுராதீங்க” என்று அழகாகச் சொன்னார். ஆயாவுக்கு அந்நொடியே விளங்கிற்று. எட்டுத் திங்களாக விளங்காதது ஒரு தமிழ்த் தொடரில் விளங்கிற்று. பையன் மீண்டும் மருந்துண்கிறான்; ஈரல் இன்னும் ஆய்வில் உளது.

அவ்வளவு நன்றாகத் தமிழ் பேசும் அம்மருத்துவர், பேனாவை எடுத்தவுடன் ஏன் ஆங்கிலேயர் ஆகிவிடுகிறார்? இதுவே என் வினா. அவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பயிற்றியது ஆங்கிலம், தேர்வு ஆங்கிலம், அச்சிட்டுத் தந்த தாளே ஆங்கிலம். 1956-இல் தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்தோம். அதே 1956-இல்தான் நெய்வேலி நிறுவனமும் பதிவாயிற்று. நிறுவனம் நிலத்தைக் கிழித்து ஆழத்திலிருந்த கரியை வெளிக்கொணர்ந்துவிட்டது. சட்டமோ இன்னும் கோட்டையை விட்டு மருத்துவமனைத் தாளுக்கு இறங்கி வரவில்லை!

சொல் இல்லையாம், சொல்! அறிவியலுக்குத் தமிழில் சொல்லேது என்று வாய்கூசாமல் கேட்கின்றனர். எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளைத் துன்புறுத்தும் இரண்டாம் நோய்களை எண்ணிப் பாருங்கள். அவை பெரும்பாலும் நம் பாட்டிமார் பெயரிட்டவை. நீர்க்கொப்புளங்கள் மேனியெங்கும் எழுந்தால் சின்னம்மை. அந்த அம்மையின் நச்சுயிரி நரம்பில் உறங்கிக் கிடந்து, காவல் தளர்ந்த வேளையில் ஒரு பக்கமாகக் கொத்துக் கொத்தாய் எரிந்து எழுந்தால் அது அக்கி. அக்கி முதியோர்க்கு வருவது இயல்பு. சிறு பிள்ளைக்கு வந்தால், உள்ளே காவல் குலைந்திருக்கிறதோ என்று ஐயுற வேண்டிய அடையாளம் அது. நம் ஊர்களில் அக்கி கண்டால் குயவரிடம் சென்று செங்காவியால் அக்கி எழுதுவது வழக்கம். எழுதட்டும், எரிச்சலுக்குக் குளிர்ச்சி. ஆனால் பிள்ளைக்கு அக்கி கண்டால் குருதியையும் ஆய்க என்ற ஒரு வரியைக் குயவர் தெருவிலும் துணை நலவாழ்வு நிலையத்திலும் தமிழில் எழுதி ஒட்டியிருக்க வேண்டாவா? எத்தனை பிள்ளைகளின் முதல் நோயை இந்த இரண்டாம் நோய் காட்டிக் கொடுத்திருக்கும்!

மணல்வாரி என்றொரு சொல். உடம்பெல்லாம் மணலை வாரி இறைத்தாற்போல் தடிக்கும் தட்டம்மைக்கு நம் முன்னோர் இட்ட பெயர். எந்த இலத்தீன் பெயர் இதற்கு ஈடாகும்? காவலணு குன்றிய குழந்தைக்கு இந்நோய் வந்தால் சில வேளை மணலே வாராது. தடிப்பே இன்றி நேராக நுரையீரலைப் பற்றும். ‘மணல் வாராத மணல்வாரி’ என்று சொன்னால் எந்தத் தாய்க்கு விளங்காது? முகத்திலும் கழுத்திலும் முத்து முத்தாய்ப் பரவும் பாலுண்ணியும் அப்படித்தான்; அதுவும் ஒரு நச்சுயிரியின் வேலையே; அளவின்றிப் பெருகினால் உள்ளே பார்க்கச் சொல்லும் அறிவிப்பு. கண்ணைக் குருடாக்கும் நச்சுயிரியும் இவ்வரிசையில் உண்டு. அதற்கு நாட்டுப்பெயர் இல்லை; பார்வை மங்கும் முன்னே காட்டுங்கள் என்று சொல்லப் பெயர் எதற்கு?

நம்மவர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘நச்சுயிரி’யா, ‘நச்சில்’லா, ‘தீநுண்மி’யா என்று 2020-இல் மகுடைத் தொற்று வந்தபோது நம் தோழர்கள் திங்கள் கணக்கில் சொற்போர் இட்டனர். சொல்லாய்வு தேவை, மறுக்கவில்லை. ஆனால் மூன்றில் எதையாவது ஒன்றை அந்த ஆயாவின் தாளில் ஏற்றிவிட்டுப் போரிட்டிருக்கலாம்.

தமிழில் எழுதவே அறியாதவர்களோ இவர்கள்? இல்லை. 2000-களின் தொடக்கத்தில் தமிழகத்துச் சுவர்களெல்லாம் ஒரு வினாவைக் கேட்டனவே, நினைவிருக்கிறதா? “புள்ளிராசாவுக்கு எய்ட்சு வருமா?” பேருந்தின் பின்புறத்திலும் தேநீர்க்கடைத் தட்டியிலும் அதைப் படிக்காத தமிழன் இல்லை. குழந்தைகள்கூடக் கேட்டுச் சிரித்தனர். ஆடவனின் ஆசையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அத்துறைக்கு அவ்வளவு எளிய, கூரிய தமிழ் வந்தது! புள்ளிராசாவின் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில்தான் தமிழ் வற்றிப் போயிற்று.

அதனினும் கொடியது ஒன்றுண்டு. ‘ஆட்கொல்லி’, ‘உயிர்க்கொல்லி’ என்று இந்நோய்க்குப் பெயரிட்டு மேடைதோறும் முழங்கினார்களே, அது தமிழா? தமிழ்ச் சொல்தான், தமிழ்ப் பண்பன்று. சென்னையில் 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிருமலாவும் இந்நாட்டில் முதன்முதல் இந்நச்சுயிரியைக் கண்டுகாட்டிய நாளில் மருந்து இல்லை. அன்று அப்பெயருக்கு ஒரு சாக்கு இருந்தது. 2004 ஏப்பிரலில் அரசு மருத்துவமனைகளில் மருந்து விலையின்றிக் கிடைக்கத் தொடங்கியது; 2006-இல் குழந்தைகளுக்கென்றே திட்டம் வந்தது. மருந்தை நாள்தோறும் உண்டால் நெடுநாள் வாழலாம் என்றான பின்னும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையைக் காட்டி ‘கொல்லி’ என்பதா? சொல் செய்வது எளிது. செய்த சொல் எந்தப் பிள்ளையின் முதுகில் ஏறும் என்று பார்த்துச் செய்வதே தமிழ்ப்பணி. அச்சொல்லை நம் இதழ்களே பலகாலம் பெருமையோடு வழங்கின. அதற்காக நாணுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். எச்.ஐ.வி., எய்ட்சு பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு பிரிவு கல்லையும் கரைக்கும். பெற்றோரை இழந்தோ, பெற்றோர் இயலாமலோ போன குடும்பத்தில், பன்னிரண்டு அகவை நிரம்பிய, பொறுப்பறிந்த அக்காளோ அண்ணனோ தன் தம்பி தங்கைக்குக் காப்பாளராகலாம் என்று அது ஒப்புகிறது. எத்தனை வீடுகளின் கண்ணீரைக் கண்டபின் அந்த வரி எழுதப்பட்டிருக்கும்! நல்ல வரி. ஆனால் அந்தப் பன்னிரண்டு அகவைச் சிறுமியின் கையில் நீங்கள் தரும் தாள் எம்மொழியில் இருக்கிறது? அறிந்து தரும் இசைவு இன்றி ஆய்வும் செய்யலாகாது, மருந்தும் தரலாகாது என்று அதே சட்டம் கூறுகிறது. அறியாத மொழியில் அறிந்து தரும் இசைவு எப்படி? கைந்நாட்டு வேண்டுமானால் பெறலாம். இசைவு பெறல் ஆகாது.

சொல்லாமையின் விலையைத் தமிழ்நாடு ஒருமுறை கொடுத்துவிட்டது. 2018 திசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்ற பெண்ணொருத்திக்கு ஏற்றிய குருதியில் எச்.ஐ.வி. இருந்தது. குருதி கொடுத்த இளைஞன் 2016-இலேயே ஒருமுறை கொடுத்திருந்தான். அன்றே கண்டறியப்பட்டும் அச்செய்தி அவனைச் சேரவில்லை. அயல்நாட்டு வேலைக்கான ஆய்வில் தானே அறிந்து, தானே வந்து அறிவித்தான். பின்பு நஞ்சுண்டு மாண்டான். 2019 சனவரியில் பிறந்த அக்குழந்தைக்கு நோய் தொற்றவில்லை என்பது மருத்துவர்களின் திறம், அதைப் போற்றுவோம். அங்கே மொழி மட்டுமே குற்றம் செய்தது என்று நான் கூறவில்லை. உரியவனுக்கு உரிய செய்தியைச் சொல்லியே தீரவேண்டும் என்னும் எண்ணம் இல்லாத அலுவலகப் பழக்கம் குற்றம் செய்தது. ஆங்கிலத் தாள் அப்பழக்கத்தின் பிள்ளை. எழுதியவுடன் கடமை முடிந்தது என்ற நிறைவை அது எழுதுபவனுக்குத் தருகிறது. குருதி ஆய்வில் சோர்ந்தால் குழந்தைகளுக்கு என்ன நேரும் என்பதை 2011-இல் குசராத்தின் சூனாகட்டும், 2025 அக்டோபரில் சார்க்கண்டின் சாய்பாசாவும் காட்டின. குருதிச்சோகைப் பிறவிநோய்க்காகக் குருதி ஏற்றிக்கொண்ட பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி. வந்தது. இலிபியாவின் பெங்காசியில் 1998-இல் நானூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவமனையிலேயே தொற்றியபோது, பலருக்குக் கல்லீரல் ‘சி’ நச்சுயிரியும் உடன் தொற்றியிருந்தது. ஒரே ஊசி, ஒரே குருதி, நோய்மட்டும் இரண்டு.

ஒரு தடையுரையை மட்டும் நான் மதிக்கிறேன். “தமிழில் எழுதினால் அண்டை வீட்டார் படித்துவிடுவர், பிள்ளையின் மறைவு காக்க ஆங்கிலமே நல்லது” என்று ஒரு செவிலியர் சொன்னார். பிள்ளையின்மேல் உள்ள அன்பால் சொன்னார். ஊர்ப்பள்ளியிலிருந்து இத்தகைய பிள்ளைகளை விலக்கக் கோரிய பெற்றோர் கூட்டத்தைக் கண்டவர் அவர். ஆயினும் எண்ணிப் பாருங்கள். அந்த ஆயா கோப்பைத் தூக்கிக்கொண்டு முன்பின் அறியாத என்னிடம் ஏன் வந்தார்? தம்மால் படிக்க முடியாமையால் வந்தார். எனக்கு முன்னர் மருந்துக்கடைப் பையனிடமும், பேருந்தில் அருகிருந்த கல்லூரி மாணவனிடமும் காட்டியிருக்கிறார். தமிழில் இருந்திருப்பின் விளக்கேற்றித் தாமே படித்து, மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார். மறைவைக் காப்பதாகச் சொல்லும் ஆங்கிலமே ஊரெல்லாம் மறைவை உடைத்துக்கொண்டு திரிகிறது! நோயின் பெயரையே எழுத வேண்டா. ‘முதல் நோய்’, ‘இரண்டாம் நோய்’ என்று எழுதுங்கள், அல்லது குறியெண் இடுங்கள். என்ன செய்ய வேண்டும், எதை நிறுத்தலாகாது, எந்த அடையாளம் கண்டால் உடனே வர வேண்டும் என்பவற்றைத் தமிழில் எழுதுங்கள். மருத்துவர்க்கு ஒரு படி, வளர்ப்பவர்க்கு ஒரு படி. வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை.

இனி, நம் பக்கத்துப் பகைக்கு வருகிறேன். இதை எழுதினால் சில தோழர்கள் சினப்பர், சினக்கட்டும். “ஆங்கில மருந்தை எறி, தமிழ் மருத்துவம் இருக்க அயலான் நஞ்சு எதற்கு?” என்று மேடையில் பேசிக் கைதட்டல் வாங்குவோர் நம்முள் உளர். கீழாநெல்லியைக் காட்டுவர். கீழ்க்காய்நெல்லி என்பதே அதன் முழுப்பெயர். இலையின் கீழே காய் தொங்குவதால். காமாலைக்கு அதைக் கண்டவன் தமிழன். அதில் எனக்குப் பெருமை குறைவன்று. கல்லீரல் ‘பி’ நச்சுயிரியைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கே, சென்னையின் தியாகராசன் குழுவினரோடு சேர்ந்து இம்மூலிகையை ஆய்ந்து 1988-இல் இலான்செட்டு இதழில் வெளியிட்டார். மூலிகை உண்ட முப்பத்தேழு பேரில் இருபத்திருவருக்கு நச்சுயிரியின் புறப்பொருள் குருதியிலிருந்து மறைந்ததாக அது கூறிற்று. வெற்று மருந்து உண்ட இருபத்து மூவரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

கதையை அங்கே நிறுத்திவிடுகின்றனர் நம் மேடைப் பேச்சாளர். பின்னர்ப் பிற நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்த விளைவு மீண்டும் கிட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? எந்த இனம், எந்த மண், எப்பருவத்தில் பறித்தது என்னும் வினாக்கள் இன்னும் உள. அவற்றை ஆய்வதற்கு நம் பல்கலைக்கழகங்களை நெருக்குவோம். அதுவரை, நாள்தோறும் இரு நோயைக் கட்டிவைத்திருக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு பிள்ளைக்குக் கீழாநெல்லி மட்டும் கொடு என்பவன் தமிழ் மருத்துவத்தின் நண்பன் அல்லன். மருந்தின் பிறப்பிடத்தைப் பார்த்து எறிவது இனப்பற்று ஆகாது. அந்த ஆயாவின் கையில் அம்மியைத் தந்தது தமிழ் மரபு. மாத்திரையை நிறுத்தச் செய்ததில் நம் மேடைகளுக்கும் ஒரு பங்கு உண்டென்றே அஞ்சுகிறேன்.

தில்லியின் பங்கு தனி. எச்.ஐ.வி. உள்ள சிறு குழந்தைகளுக்குரிய இலோபினாவிர் பாகு மருந்தை இந்நாட்டில் செய்துகொண்டிருந்த ஒரே நிறுவனம், அரசிடமிருந்து வரவேண்டிய பணம் வாராமையால் 2015-இல் உருவாக்கத்தை நிறுத்தியது. 2017 மார்ச்சில் நோயுற்ற குழந்தைகளே தலைமையமைச்சருக்கு மடல் எழுத வேண்டியதாயிற்று. மாத்திரை விழுங்க அறியாத மழலைகளின் மருந்துக்கு நிலுவை வைத்த ஆட்சி, இந்தி வளர்க்க என்றைக்காவது நிலுவை வைத்ததுண்டா? 2022 அக்டோபரில் மத்தியப்பிரதேசத்தில் இந்தியில் மருத்துவ நூல் வெளியிட்டு விழாக் கொண்டாடினர்; ஆங்கிலச் சொல்லை அப்படியே நாகரி எழுத்தில் எழுதியே நூலாக்கினர். அவர்களை நகைக்கலாம். ஆனால் அவர்கள் தொடங்கிவிட்டனர். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகமும் மருத்துவ நூல்கள் சிலவற்றைத் தமிழாக்கியிருக்கிறது. நூல் அடுக்கிலும் தேர்வு ஆங்கிலத்திலும் இருந்தால் யார் படிப்பர்? நெய்வேலி என்னும் ஊர்ப்பெயரை 2016-இல் மூன்று ஆங்கில எழுத்துக்குள் புதைத்து, பின்னே ‘இந்தியா’ என்று ஒட்டியபோது எழுந்த நம் குரல், ஆயாவின் தாளுக்காகவும் எழுந்திருக்க வேண்டும்.

முடியாது என்பார்க்கு மானிப்பாயைக் காட்டுகிறேன். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் கற்றார். 1852 முதல் ஒன்றன்பின் ஒன்றாக மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் வெளியிட்டார். 1857-இல் பிள்ளைப்பேற்று மருத்துவம், 1867-இல் அறுவை மருத்துவம், 1872-இல் கிரேயின் உடற்கூற்று நூல். முப்பதிற்கு மேற்பட்டோரைத் தமிழிலேயே பயிற்றி மருத்துவராக்கினார். ‘இரண வைத்தியம்’, ‘அங்காதிபாதம்’ என்று வடசொல் மண்டிய நடைதான். அதற்காக அவரோடு நாம் வழக்காடலாம். ஆனால் வழக்காட அவர் ஒரு நூலையாவது விட்டுச் சென்றார். தம் கல்லறையில் தமிழர்க்கு மருத்துவ ஊழியர் என்று பொறிக்கச் சொன்ன அந்த அயலானுக்கு இருந்த கடமையுணர்வில் நூற்றில் ஒரு பங்கு, கோட்டையில் அமர்ந்திருக்கும் தமிழர்க்கு இருந்தால் போதும்.

நாங்கள் காத்திருக்கவில்லை. அந்த மருத்துவரும் செவிலியரும் உதவ, ஒரு பக்கத்தில் ஒரு தமிழ்த் தாள் எழுதினோம். நோயின் பெயர் அதில் இல்லை. பிள்ளை உண்ணும் மருந்து எதையெதைக் கட்டிவைக்கிறது. கண் மஞ்சளானாலும் வாந்தி எடுத்தாலும் மருந்தை நிறுத்தாமல் உடனே யாரிடம் வர வேண்டும். அக்கி, சின்னம்மை, மணல்வாரி கண்ட வீட்டிலிருந்து பிள்ளையை எவ்வாறு விலக்க வேண்டும். எந்தத் தடுப்பூசியை மீண்டும் கேட்க வேண்டும். பிறக்கப்போகும் குழந்தைக்கு முதல் இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் கல்லீரல் ‘பி’ ஊசி ஏன் கட்டாயம். 2018 சூலையில் தொடங்கிய கல்லீரல் அழற்சித் திட்டத்தில் மருந்து விலையின்றிக் கிடைக்கும் என்பது. எழுதி முடித்து ஆயாவிடம் படிக்கக் கொடுத்தோம். மூன்று இடங்களில் விளங்கவில்லை என்றார். ‘ஏமத்திறன்’ என்று நான் எழுதியிருந்ததை, “அப்புடின்னா என்னா தம்பி?” என்று கேட்டார். ‘உடம்பின் காவல்’ என்று மாற்றினேன்.

ஐந்நூறு படிகள் அச்சாகியுள்ளன. வடலூர், மந்தாரக்குப்பம், பண்ணுருட்டித் தோழர்கள் தத்தம் பகுதி நலவாழ்வு நிலையங்களுக்கு எடுத்துச் செல்ல இசைந்துள்ளனர். மருத்துவம் அறிந்த தமிழன்பர்கள் அதில் பிழை காணின் அடுத்த அச்சுக்கு முன் படிப்பகத்திற்கு எழுதுக; மாவட்டந்தோறும் இத்தகைய தாளை அரசே அச்சிட்டுத் தரவேண்டும் என்னும் வேண்டுகையில் கையெழுத்திட விரும்புவோரும் எழுதுக. வரும் தைத் திங்களில் அவ்வேண்டுகையைக் கடலூரில் மாவட்ட ஆட்சியரிடம் நேரில் கொடுக்கவிருக்கிறோம். ஆயாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.